நாற்பது புகை

“அக்காவ எங்கமா பொதைச்சீங்க?”

பிச்சாட்டூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஏரிக்கரை மேல் நடந்து வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரியங்கா கேட்ட முதல் கேள்வி அது. துன்னியா, எப்ப கெளம்பின என்று கேட்கவந்த அம்மாவின் வாய் அப்படியே நின்றது.

செல்லியம்மா வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால். இடது கை எப்போதும்போல மடங்கி இடுப்பை ஒட்டியே இருந்தது. புத்தூருக்குப் போய் எண்ணெய்க்கட்டுப் போட்டும் நீளாத கை. பிரியங்காவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான்.

“இன்னா கேட்ட?”

“பெரிய பிரியங்காவ எந்த எடத்துல பொதைச்சீங்கன்னு கேட்டேன்.”

“மெதுவா பேசு.”

“இதான்மா மெதுவா.”

செல்லியம்மா எழுந்து போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். காலனியில் பேச்சு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். செத்தவங்க பேர் தெரிஞ்சுக்கோ, எப்படிச் செத்தாங்கன்னு தெரிஞ்சுக்கோ. எங்கேன்னு மட்டும் கேக்கக்கூடாது. இருபத்தைந்து வயதுவரை பிரியங்காவும் கேட்டதில்லை.

காலனி என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரு நினைப்பு வரும். இது அதுவல்ல. அவள் பிறப்பதற்கு முன்னால், நிலமே இல்லாத நாற்பது குடும்பங்களுக்கு ஏரிக்கு மேலே கல்லாங்காட்டைப் பிரித்துப் பட்டா கொடுத்தார்கள். ஒரு நிபந்தனை வைத்தார்கள். நாற்பது குடும்பமும் மூன்று வருடம் அங்கேயே குடியிருக்க வேண்டும். ஆள் குறைந்தால் மொத்தப் பட்டாவும் ரத்து. அந்த மேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், ரத்தாகும் நாளுக்காக ஏரிக்கரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

முதல் கார்த்திகையிலேயே சாவு வந்தது. புதுக் கிணற்றுத் தண்ணீரோ, விடாத மழையோ, வாந்தியும் பேதியுமாக ஒரே மாதத்தில் முப்பத்தெட்டுப் பேர். அதில் பதினான்கு பிள்ளைகள். பதினோரு வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை. மேளம் கொட்டவில்லை. ஒப்பாரி வைக்கவில்லை. அழுதால் ஊருக்குக் கேட்கும், கேட்டால் எண்ணுவார்கள். குழி தோண்டிப் புதைத்து, மேட்டைச் சமம் செய்து, அதன்மேல் வேர்க்கடலை விதைத்தார்கள். ஊர்க்காரர்கள் கரையில் இருந்து புகையை எண்ணுவார்கள் என்று, பெண்கள் முறை போட்டுக்கொண்டு செத்தவர் வீட்டு அடுப்புகளையும் பற்றவைத்தார்கள். தினமும் நாற்பது புகை எழுந்தது.

இன்றும் எழுகிறது. எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்த பிறகும், அந்தப் பதினோரு வீட்டில் மட்டும் முறை வைத்து அடுப்பு எரிக்கிறார்கள். நிபந்தனைக் காலம் முடிந்ததும் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார்களாம். நிறுத்திய அன்றைக்கே காலி வீடுகளில் பானை உருட்டும் சத்தம் கேட்டதாம். பசித்தவர்கள் உருட்டுகிற மாதிரி. மறுநாளே மறுபடி பற்றவைத்துவிட்டார்கள். யாரும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

செத்தவர்களில் ஒருத்தி, செல்லியம்மாவின் மூத்த மகள். இரண்டரை வயது. பெயர் பிரியங்கா.

அடுத்து ஒரு பெண் பிறந்தபோது அவளைப் பிறந்ததாகவே எழுதவில்லை. ரேஷன் கார்டில் ஒரு பெண் ஏற்கெனவே இருந்தாள். அந்தப் பெயருக்குள் இவளை வைத்தார்கள். வயதுக்குத் தகுந்த வளர்த்தி இல்லையே என்று டீச்சர் கேட்டதற்கு, ஊட்டமில்ல மேடம் என்று அவள் அப்பா, நைனா, சொன்னார். வீட்டில் அவளை யாரும் பிரியங்கா என்று கூப்பிட்டதில்லை. பாப்பா என்பார்கள். பத்தாவது, இன்டர், டிகிரி, பி.எட்., எல்லாம் செத்த குழந்தையின் பெயரில், செத்த குழந்தையின் பிறந்த தேதியில் வாங்கியவை. போன மாதம் வந்த டீச்சர் வேலை உத்தரவும்தான். திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். காலனியிலேயே முதல் டிகிரி, முதல் சர்க்கார் வேலை.

“வேல கெடைச்சி இருக்கிற நேரத்துல இன்னாத்துக்குடி இந்தப் பேச்சு?” என்றாள் செல்லியம்மா. “இன்னிக்கி மத்தியானம் ஆபீசருங்க வராங்க. முழுப் பட்டா குடுக்கப் போறாங்களாம். பழைய லிஸ்டப் படிப்பாங்க. உம் பேரு வந்தா ஒரு வார்த்த சொல்லு. அவ்ளோதான். அப்பறம் யாரும் நம்மள எண்ண மாட்டாங்க.”

“அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன்.”

அந்த வார்த்தை, உன்னானு. இருக்கிறேன் என்பதற்குத் தெலுங்கு.

அதை அவள் போன வாரம் திருப்பதியில் கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில், பள்ளிப் பாடங்களை வீடியோவாக்கி விற்கும் சின்ன ஆபீஸ் அது. டீச்சர் வேலைக்குக் காத்திருந்த நாட்களில் அங்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைய பாடம், அமெரிக்காவில் கப்பலேறி வந்திறங்கிய முதல் குடியேறிகள். கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, நீளமான விருந்து மேசை என்று படங்கள் வந்துகொண்டிருந்தன. அவர்கள் எப்படி மரம் வெட்டி வீடு கட்டினார்கள், எதைச் சமைத்தார்கள், ஒரே கூரையின்கீழ் எத்தனை பேர் படுத்தார்கள் என்றெல்லாம் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு பத்தியில் தடுக்கி நின்றாள். முதல் குளிர்காலத்தில் பாதிப்பேர் இறந்தார்கள். இறந்தவர்களை இருட்டில் புதைத்து, மேட்டைச் சமப்படுத்தி, மேலே சோளம் விதைத்தார்கள் என்று சொல்வதுண்டு. மிஞ்சியவர்கள் எத்தனை பேர் என்று வெளியே யாரும் எண்ணிவிடக்கூடாது.

அவர்கள் பயந்தது அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்து. காலனிக்காரர்கள் பயந்தது, தங்களை மண்ணே இல்லாமல் வைத்திருந்தவர்களைப் பார்த்து. வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். புதைத்த விதத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை. அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் பக்கம் இருக்கிறது. அவளுடைய அக்காவுக்கு ஒரு கல்கூட இல்லை.

மூன்று தடவை படித்து முடித்தாள். எடிட்டிங் பார்க்கும் கோவர்தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினான். திருமலைக் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பையன். அதிர்ந்து பேசத் தெரியாதவன்.

“நீங்க உள்ள யாரையாவது கூட்டிண்டு போனேளா?”

“யார கூட்டிக்கினு போவேன்? நின்னா முட்டி இடிக்கிற ரூம் அது.”

“இல்ல, இந்த சாப்ட்வேர் பேச்ச எழுத்தா மாத்தும்போது யார் பேசறான்னு பிரிச்சுக் காட்டும். ஒருத்தர் பேசினா ஒண்ணுதான் காட்டணும்.” திரையைத் திருப்பினான். “ரெண்டுன்னு காட்றது. மூணு தடவையும், ஒரே எடத்துல.”

யாரும் எண்ணிவிடக்கூடாது என்ற வாக்கியத்துக்குக் கீழே தனி வரியாக இருந்தது.

பேசுபவர் 2: உன்னானு.

கோவர்தன் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினான். மழலை. ஆனால் கணீரென்று இருந்தது. யாரோ சொல்லிக்கொடுத்து, தப்பில்லாமல் சொல்லிவிட்ட பெருமை அதில் இருந்தது.

பிரியங்கா அன்றைக்கு எதுவும் சாப்பிடவில்லை.

“இன்னிக்கி காத்தால பொகை முறை நம்முளுது. ஏழாம் வூடு. எனக்கு வேல கீது, நீ போய் பத்தவெச்சிட்டு வா,” என்றாள் செல்லியம்மா. பேச்சை மாற்ற வேறு வழி தெரியாதவள், கடலைத்தோல் கூடையை மகளின் கையில் திணித்தாள்.

ஏழாம் வீடு வெங்கடசாமியின் வீடு. பிரியங்கா பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். அவரும் அவர் மனைவியும் இரண்டே நாளில். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை அந்த வீட்டுக்குள் போய் அடுப்பு மூட்டியிருக்கிறாள். போனோமா, பற்றவைத்தோமா, திரும்பிப் பார்க்காமல் வந்தோமா என்று இருக்கும்.

காலை பத்தரை மணி. வெளியே வெயிலில் கண் கூசியது. உள்ளே நுழைந்ததும் கண் இருட்டிக்கொண்டது. ஆளில்லாத வீட்டில் எலிப்புழுக்கை நாற்றம் அடிக்க வேண்டும். அங்கே சோற்றுக்கஞ்சி வாசனை அடித்தது. ஈரத்துணி காய்கிற வாசனையும்.

அடுப்பில் கை வைத்தாள்.

சாம்பல் வெதுவெதுப்பாக இருந்தது.

கடலைத்தோலைப் போட்டுத் தீக்குச்சி கிழித்தாள். புகை கூரையைப் பார்த்து ஏறியது. இந்த இடத்தில்தான் திரும்பி வந்துவிட வேண்டும். அவள் வரவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை, வாய்க்குள்ளேயே சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.

“பிரியங்கா.”

தன் பெயரையே கூப்பிடுவது விநோதமாக இருந்தது.

“உன்னானு.”

முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. கையை நீட்டினால் தொடக்கூடிய தூரம்.

பிரியங்கா நகரவில்லை. நகர முடியவில்லை. புகை கண்ணில் ஏறி நீராகக் கொட்டியது. பானை அடுக்கின் பின்னாலிருந்து ஓர் ஆள் தொண்டையைச் செருமினார். பொறுமையான செருமல். அவருக்குப் பின்னால் வளையல் சத்தம். அதற்கும் பின்னால் காலை மாற்றி நிற்கும் சத்தம், ஒன்று, இரண்டு, நிறைய. வரிசையில் நின்று பழகியவர்கள் எழுப்பும் சத்தம்.

எல்லோரும் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார்கள்.

வெளியே எப்படி வந்தாள் என்று தெரியாது. செல்லியம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

“பேர் சொல்லிக் கூப்ட்டியா?”

பிரியங்கா தலையாட்டினாள்.

“கூப்பிடக்கூடாதுடி. கூப்ட்டா வரிசை கட்டிருவாங்க.”

“உனக்குத் தெரியுமா? எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியாம இருக்குமா? வருசா வருசம் லிஸ்டு படிச்சப்பல்லாம் இருக்கேன் இருக்கேன்னு அவங்களுக்காக நாமதான சொன்னோம். சொல்லிச் சொல்லி, அவங்க போவவே இல்ல. செத்தது அவங்களுக்கே தெரியல போல.”

“அப்ப அக்காவ எங்க பொதைச்சீங்கன்னு சொல்லு. அங்க போயி நா சொல்றேன்.”

செல்லியம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்கன்னு எனக்கே தெரியாதுடி பாப்பா.”

பிரியங்கா அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மாக்காரிங்கள யாரயும் கூட்டிக்கினு போவல. அழுவோம்னு. எடம் தெரிஞ்சா அங்கயே போயி குந்திக்குவோம்னு. கேக்கக்கூடாதுன்னு சொன்னது உங்களுக்கு இல்ல. எங்களுக்குத்தான்.” கடலைத்தோல் துணுக்கு ஒன்றைச் சேலையிலிருந்து எடுத்துப் போட்டாள். “அன்னிக்கி லிஸ்டு படிக்க வந்தாங்க. நல்ல மழ. ஆபீசரு கொடைக்குள்ள இருந்து தலய தூக்கவே இல்ல. ஆம்பளைங்க ஓடி ஓடித் தலத்துண்ட மாத்திக் கட்டிக்கினு ரெண்டு பேருக்கு, மூணு பேருக்குப் பதில் சொன்னாங்க. கொழந்தைங்கள மட்டும் காட்டணும்னாங்க. உங்கக்காவுக்கு மூணு நாளா பேதி. கண்ணு சொருகிக்கினு கெடக்குது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். பேர் கூப்ட்டா உன்னானுன்னு சொல்லு கண்ணு, சொன்னா பொரி தரேன்னு. அதுவும் காத்தால இருந்து அதயே சொல்லிக்கினு கெடந்திச்சி. இடுப்புல தூக்கிக்கினு போயி நின்னேன். பேர் கூப்ட்டாங்க. சொல்லிச்சி. நல்லா, கணீர்னு சொல்லிச்சி.”

“அம்மா, போதும்.”

“அடுத்த வூட்டுப் பேரு கூப்பிடறப்ப தல எந்தோள்ல சாஞ்சிது. எனக்குத் தெரிஞ்சிடிச்சி. கையில கனம் மாறும் பாரு, அதுல தெரிஞ்சிடும். அழுவக்கூடாது. எறக்கியும் வெக்கக்கூடாது. இன்னும் இருபத்தாறு வூடு பாக்கி இருந்திச்சி.”

செல்லியம்மாவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அவள் கண்ணில் நீரைப் பார்த்ததாகவே பிரியங்காவுக்கு நினைவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் நைனா வீராசாமி செத்தபோதும் இல்லை. ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்து நைனா என்று அலறியவளின் வாயை நான்கு பெண்கள் முந்தானையால் பொத்தினார்கள். மூச்சுத் திணறும்வரை பொத்தினார்கள். அது சர்க்கார் சர்டிபிகேட்டோடு போன ஒளிவுமறைவில்லாத சாவு. இருந்தும் பழக்கம் விடவில்லை. காலனியில் யாரும் வாய்விட்டு அழுவதில்லை.

“இருபத்தாறு வூடும் முடியிற வரைக்கும் தூக்கிக்கினு நின்னேன்,” என்றாள் செல்லியம்மா. “அப்பறம் கமலக்கண்ணன் மாமா வந்து வாங்கிக்கினு போய்ட்டாரு.”

கமலக்கண்ணன் காலனியின் பெரியதனம். கம்யூனிட்டி ஹால் வாசலில் ஆபீசர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பிரியங்கா நேராக நின்றாள்.

“பெரிநைனா, எங்கக்காவ எந்த எடத்துல வெச்ச?”

அவர் கையிலிருந்த நாற்காலி நழுவி விழுந்தது. எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தார்.

“இன்னாடி டீச்சரம்மா, வந்ததும் வராததுமா பரிச்ச வெக்கிற? அன்னிக்கி நா ஒருத்தனே நாலு பேருக்குப் பதில் சொன்னவன். படிச்ச புள்ள, உனக்கு ஒருத்திக்குச் சொல்ல வலிக்குதா?”

“எடத்தச் சொல்லு. சொன்னா நா சொல்றேன்.”

சிரிப்பு போய்விட்டது. வெயிலில் வேர்க்கடலைக் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை ஒரே மட்டமாக ஏரிவரை போயிருந்தது.

“எம் புள்ளைங்க ரெண்டும் அதுலதான் கீது. மண்வெட்டியால மட்டம் பண்ணேன். காலால மிதிச்சேன். மழ நின்னப்பறம், நாலு நாள் கழிச்சி, ஒரு தரம் பாத்துட்டு வரலாம்னு போனேன். அடையாளமே இல்ல. அங்கயும் இங்கயும் தேடினேன். ரொம்ப நல்லா மட்டம் பண்ணிட்டேன்டி.”

அதற்குமேல் அவரைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்றும் தெரியவில்லை.

“வாய விட்டுடாத,” என்றார் அவர், வேறெங்கோ பார்த்தபடி. “ஒரு பேரு பொய்யின்னு தெரிஞ்சா எல்லாத்தயும் தோண்டுவாங்க. நாப்பது வூடு. உன் டிகிரி, உன் வேல, அதயும் நெனச்சிப் பாரு.”

ஆபீசர்கள் உச்சிவேளைக்கு வந்தார்கள். மூன்று பேர். பெயர் படிக்க வந்தவள் முப்பது வயதுக்காரி. குளிர்க்கண்ணாடியும், கையில் டேப்லெட்டும். வெயில் தலைக்கு நேர்மேலே நின்றது. ஒருத்தர் காலடியிலும் நிழலில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் முன்னால் வந்து, உன்னானம்மா என்று சொல்லி, கருவியில் விரல் வைத்துவிட்டுப் போனார்கள். காலனியில் பாதிப்பேருக்கு இரண்டு பெயர். ஒன்று கூப்பிட, ஒன்று எண்ண.

நாலாவது வீட்டில்தான் பிரியங்கா அதைக் கவனித்தாள்.

ஒவ்வொரு பதிலுக்கும் அடியில் இன்னொரு பதில் இருந்தது.

வெங்கடசாமியின் பெயருக்கு அவருடைய தம்பி மகன் பதில் சொன்னான். அவன் வாய் மூடிய பிறகு, அதே சொல்லை யாரோ நிதானமாகச் சொல்லிமுடித்தார்கள். ஏழாம் வீட்டில் கேட்ட செருமல். காலனிக்காரர்கள் எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்காததுபோல நிற்பதில் அவர்களுக்கு இருபத்தேழு வருடப் பழக்கம்.

“வீராசாமி.”

“எறந்துட்டாரும்மா. சர்டிபிகேட் கீது,” என்றாள் செல்லியம்மா.

“செல்லியம்மா.”

“உன்னானம்மா.”

“பிரியங்கா.”

பிரியங்கா வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் வலது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது.

“பிரியங்கா.”

கமலக்கண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உன்னானு.”

அம்மாவின் இடுப்பிலிருந்து வந்தது அது.

ஆபீசர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். செல்லியம்மாவின் மடங்கிய இடது கையைப் பார்த்தாள். அதற்குச் சற்று மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். “பாப்பா எவ்வளவு நல்லா சொல்லுது,” என்றாள் தெலுங்கில். “எண்டலோ நிலபெட்டொத்தம்மா, வெயில்ல நிறுத்தாத. முகமே வாடிப்போச்சு பாரு. தலைக்குத் துணி போடு.”



அவள் டேப்லெட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். “ஆனா இங்க இருபத்தொன்பது வயசுன்னு இருக்கே. இது பேத்தியா?”

“அதுக்கு ஆளு இதோம்மா,” என்று கமலக்கண்ணன் பிரியங்காவின் முதுகில் கை வைத்துத் தள்ளினார். “வெளையாட்டுப் புள்ள. டிகிரி படிச்சவ. ரேக பதிச்சிக்கோங்க.”

கருவியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு விரல். அவ்வளவுதான். திங்கட்கிழமை போய்ச் சேர்ந்துவிடலாம். கரும்பலகையில் பெயர் எழுதலாம். யாருடைய பெயரை?

இருபத்தாறு வூடு பாக்கி இருந்திச்சி. அந்த வார்த்தையைக் கேட்டபோதே முடிவு எடுத்தாகிவிட்டது என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“நா இல்ல மேடம்,” என்றாள். “அந்தப் பேருக்காரி செத்துட்டா.” தெலுங்கிலும் சொன்னாள், சந்தேகம் வேண்டாமென்று. “சனிபோயிந்தி. ரெண்டரை வயசுல. இதே மாதிரி இந்த லிஸ்டப் படிச்சிக்கினு இருக்கறப்ப.”

“அப்போ நீ யாரு?”

“எனக்குப் பேர் வெக்கல.”

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மடங்கிய கைக்கு நேராகக் குனிந்து, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

“போதும் பிரியங்கா. நீ சொல்லிட்ட. நல்லா சொன்ன. இனிமே சொல்ல வேணாம்.”

செல்லியம்மாவின் தோளில் ஏதோ கழன்ற சத்தம் கேட்டது. இருபத்தேழு வருடம் மடங்கியிருந்த கை, சுமையை இறக்கியதுபோலத் தொங்கியது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. துருப்பிடித்த எதையோ பிடித்து இழுப்பதுபோல ஒரு சத்தம் முதலில் வந்தது. பிறகு வார்த்தையாயிற்று. என் கண்ணே, பொரி தரேன்னு சொல்லிட்டு தரலியே, தரலியே என்று மார்பில் அடித்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து ஓடிவந்து அவள் வாயைப் பொத்தக் கை நீட்டிய ஒருத்தி பாதியில் நின்று, தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. அவளுக்கு அடுத்தவள். அதற்கு அடுத்தவள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஊருக்கே கேட்டிருக்கும்.

பதினோரு வீட்டுக் கதவும் உள்ளிருந்து திறந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல்.

“நாப்பது வூட்டயும் கொளுத்திட்டியேடி,” என்றார் கமலக்கண்ணன். குரலில் கோபமில்லை. முழங்காலில் உட்கார்ந்திருந்தார்.

“நா ஒருத்தி பேரத்தான் சொன்னேன் பெரிநைனா. உன் புள்ளைங்க பேர நீ சொல்லு.”

சான்றிதழ்கள் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மண்டல ஆபீஸ் நாலு மணிவரை திறந்திருக்கும். இரண்டு காகிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருத்தி செத்தாள் என்று ஒன்று. ஒருத்தி பிறந்தாள் என்று ஒன்று. அதோடு இந்தப் பைக்குள் இருப்பதெல்லாம் வெறும் காகிதமாகிவிடும். அவள் பத்தாவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். தொடங்கவே விடுவார்களோ, வழக்குப் போடுவார்களோ. ஆபீசர் பின்னாலிருந்து ஏதோ கேட்டாள். பிரியங்கா திரும்பவில்லை.

ஏரிக்கரை ஏறியபோது ஒப்பாரிச் சத்தம் முதுகுப் பக்கம் தேய்ந்தது. வெயில் வெள்ளையாக எரிந்தது. கரையில் அவளைத் தவிர ஆளில்லை.

பத்து அடி நடந்திருப்பாள். இடது கையின் சுண்டு விரல் சில்லிட்டது.

குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் விரலைச் சுற்றி ஒரு பிடி இருந்தது. சின்ன, ஈரமான பிடி. அவள் ஓர் அடி எடுத்து வைத்தால் அது இரண்டடி ஓடிவந்து தொத்திக்கொண்டது.

பிரியங்கா நடையைச் சுருக்கிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும், துப்பட்டாவின் முனையை யாரோ பிடித்தார்கள். பிறகு மறுமுனையை. பைக்கயிற்றில் ஒரு கனம் ஏறியது. குர்த்தாவின் ஓரத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அவள் எண்ணவில்லை. நடையை இன்னும் சுருக்கிக்கொண்டு, பிச்சாட்டூர் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.